கிளிஞ்சல் நீறு

பழவேற்காடு ஏரியில் இறால் தடவப் போகும் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்தபடியே நடப்பார்கள். பனையோலையில் முடைந்த பறியின் வாயைப் பல்லால் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவிக்கொண்டே போவார்கள். கைக்கு இறால் அகப்படுவதற்கு முன்பே காலில் மட்டி இடறிவிடும். உயிருள்ள மட்டி, செத்துப்போன மட்டியின் வெற்று ஓடு, உடைந்த கிளிஞ்சல், எப்போதோ வாழ்ந்து மண்ணுக்குள் புதைந்த ஆளி ஓடு என்று ஏரியின் அடி முழுக்க ஒரே பொருளின் பல வயதுகள் கிடக்கின்றன. காலைக் கீறும் அந்த ஓட்டை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அது போய்வரும் தொலைவு தெரிந்தால் ஒருமுறையாவது கையில் எடுத்துப் பார்க்கத் தோன்றும்.

ஓடு பிறப்பது தண்ணீரிலிருந்துதான். ஏரியின் தெற்கு முனையில் ஆரணி ஆறும், வடமேற்கில் காளங்கி ஆறும் வந்து சேர்கின்றன. கிழக்கே ஸ்ரீஹரிக்கோட்டா மணல்திட்டு கடலைத் தடுத்து நிற்கிறது. முகத்துவாரத்தின் வழியே கடல் உள்ளே வந்து போகிறது. ஆறுகள் மேட்டுநிலத்துப் பாறையையும் மண்ணையும் கழுவி, கரைந்த சுண்ணத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் கொண்டுவருகின்றன. கடல்நீரிலும் அது உண்டு. மட்டி அந்தச் சுண்ணத்தை நீரிலிருந்து பிரித்து, கார்பனேட்டோடு சேர்த்து, மெல்லிய உயிர்ப்பசையால் அடுக்கடுக்காக ஒட்டி ஓடாக்கிக்கொள்கிறது. ஓட்டின் மிகப் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்தான்.

பழவேற்காட்டு நீர் ஒருநாளும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்று வாய்ப் பக்கம் உப்பே தெரியாது. சித்திரை, வைகாசியில் முகத்துவாரம் மணலால் அடைபட்டு வெயிலும் காய்ந்தால், ஏரியின் உப்பு கடலையே மிஞ்சிவிடும். நீர் பிடிக்காதபோது மட்டி வாயை இறுக மூடிக்கொள்கிறது. மூடிய ஓட்டுக்குள் இருப்பது சில சொட்டு நீர். புது நீரும் காற்றும் வராத அந்த அடைப்பில் உடலின் கழிவால் அமிலம் ஏறிக்கொண்டே போகும். அப்போது மட்டி தன் ஓட்டின் உட்புறத்தையே கொஞ்சம் கரையவிடுகிறது. கரைந்த சுண்ணம் அமிலத்தை முறிக்கிறது. கட்டிய வீட்டின் சுவரைச் சுரண்டி உள்ளிருக்கும் நீரைச் சமன்செய்து உயிர்பிழைக்கும் வித்தை இது. மனிதன் நீரைச் சமன்செய்யச் சுண்ணத்தைத் தேடியதற்கு வெகுகாலம் முன்பே, அந்தச் சேற்றுக்குள் இந்த வேலை நடந்துகொண்டிருந்தது.

செத்த மட்டியின் ஓட்டுக்கு அடுத்த பிறவி நெருப்பில். ஏரிப் படுகையில் புதைந்துகிடந்த பழங்கிளிஞ்சலைத் தோண்டியும் கரையில் ஒதுங்கியதை அள்ளியும் சுண்ணாம்புக் காளவாயில் போட்டார்கள். ஓடு ஓர் அடுக்கு, கரி ஓர் அடுக்கு என்று நிரப்பித் தீ மூட்டினால், சுமார் 900 டிகிரி செல்சியஸில் ஓட்டிலிருந்து கரியமில வாயு பிரிந்து மேலே போய்விடும். 100 கிலோ ஓடு போட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்புதான் மிஞ்சும். மீதி 44 கிலோ காற்றில் கலந்துவிடும். இந்த 44 கிலோவை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், கடைசியில் அது திரும்பி வரும்.

சுட்ட சுண்ணாம்பு தண்ணீருக்குத் தவிக்கும் பொருள். என் பாட்டி வெற்றிலைக்கு வாங்கிவந்த சுண்ணாம்புக் கட்டியை மண்சட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார். அடுப்பே இல்லாமல் அந்தச் சட்டி கொதிக்கும். கட்டி வெடித்து, புகைந்து, சீறி, கடைசியில் வெண்ணெய் மாதிரி அடங்கும். “கிட்ட வராதே, கண்ணுல தெறிச்சா கண்ணு போயிடும்” என்று சொல்லிக்கொண்டே எங்களைத் திண்ணைக்கு விரட்டுவார். நீற்றுதல் என்ற சொல்லை அங்கேதான் முதலில் கேட்டேன். நெற்றியில் இடுவதும் நீறு, இந்தச் சட்டியில் விளைவதும் நீறு. எரிந்து அடங்கிப் பொடியானதற்கெல்லாம் தமிழ் இந்த ஒரு சொல்லை வைத்திருக்கிறது. 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு 18 கிலோ தண்ணீரைக் குடித்து 74 கிலோ நீறாகும்.

அந்த நீற்றை நம்பித்தான் இந்தக் கரை கட்டடம் கட்டியது. டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பியது 1613-இல். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு அதுதான் தலைமையிடம். பின்னர் தெற்கே வளர்ந்த சென்னைப் பட்டணத்தின் சுவர்களில் பளிங்கு போல மின்னிய கிளிஞ்சல் சுண்ணாம்புப் பூச்சு, மெட்ராஸ் சுண்ணம் என்ற பெயரில் கப்பலில் வந்தவர்களை அசத்தியது. கடுக்காய் ஊறிய நீர், வெல்லம், தயிர், முட்டை வெள்ளை எல்லாம் சேர்த்து நாள்கணக்கில் அரைத்துத் தேய்த்த பூச்சு அது. 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூர் நோக்கி வெட்டத் தொடங்கி, பிறகு பழவேற்காட்டைத் தொட்டு ஆந்திரக் கரை வரை நீண்ட பக்கிங்காம் கால்வாயில் விறகும் உப்பும் கிளிஞ்சலும் படகேறிப் பட்டணத்துக்குப் போயின.

விறகை விடுங்கள். உப்பும் கிளிஞ்சலும் ஒரே கால்வாயில் போனதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். அவை இரண்டும் சேர்ந்து இன்னொரு பொருளாக முடியும் என்பது அந்தப் படகோட்டிகளுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அந்தச் சேர்க்கை நடந்தது வெகுதொலைவில், துணி வெளுப்பதற்காக. 1774-இல் ஸ்வீடனின் ஷீலே, உப்புக்குள் அடங்கிக்கிடக்கும் குளோரின் என்ற பச்சை மஞ்சள் வாயுவைப் பிரித்தெடுத்தார். அது சாயத்தைத் தின்றது, மூச்சையும் அடைத்தது. துணி வெளுக்க அதைவிட வேகமான பொருள் கிடையாது, ஆனால் வாயுவை மூட்டை கட்டி அனுப்புவது எப்படி? 1799-இல் கிளாஸ்கோவின் சார்லஸ் டென்னன்ட் உலர்ந்த நீற்றுச் சுண்ணாம்பின் மேல் குளோரின் வாயுவைச் செலுத்தி, நீறு அதை உறிஞ்சிக்கொள்ளும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதுதான் பிளீச்சிங் பவுடர். சுண்ணாம்பு இங்கே சுமைதூக்கி. அடங்காத ஒரு வாயுவைத் தன் மடியில் கட்டி, தண்ணீரைக் கண்டதும் அவிழ்த்துவிடுகிறது.

வெளுப்பதற்காக வந்த தூள் உயிர்காக்கும் தூளானதற்கு வியன்னாவின் ஒரு பிரசவ வார்டு காரணம். 1847-இல் மருத்துவர் செம்மல்வைஸ், பிணவறையிலிருந்து வரும் டாக்டர்கள் இந்தத் தூள் கரைத்த நீரில் கைகழுவிவிட்டுத்தான் தாய்மார்களைத் தொட வேண்டும் என்று கட்டாயமாக்கினார். பிரசவக் காய்ச்சலில் செத்துக்கொண்டிருந்த தாய்மார்களின் எண்ணிக்கை சடாரென்று இறங்கியது. கிருமி என்ற ஒன்று உண்டென்று உலகம் ஒப்புக்கொள்வதற்கு முன்பே நடந்தது இது. 1897-இல் இங்கிலாந்தின் மெய்ட்ஸ்டோனில் டைஃபாய்டு பரவியபோது ஊர்க் குடிநீர்க் குழாய்களையே பிளீச்சிங் பவுடரால் சுத்தம் செய்தார்கள். 1908-இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரம் குடிநீரில் அன்றாடம் குளோரின் கலக்கத் தொடங்கியது.

தமிழ்நாட்டில் உப்பும் மின்சாரமும் சந்தித்த இடம் மேட்டூர். 1934-இல் அணை முடிந்தது. 1936-இல் மேட்டூர் கெமிக்கல்ஸ் தோன்றியது. உப்புநீருக்குள் மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் காஸ்டிக் சோடா, மறுபக்கம் குளோரின். இன்றைய பிளீச்சிங் பவுடர் ஆலைகளுக்குச் சுண்ணாம்பு பெரும்பாலும் கல் சுரங்கங்களிலிருந்து வருகிறது, பழவேற்காட்டு ஓட்டிலிருந்து அல்ல. ஆனால் சுண்ணாம்புக்கல்லிலும் பல, பழங்கடல்களின் ஓடும் பவளமும் இறுகிய கல்தான். கிளிஞ்சலுக்கு அது கொள்ளுப்பாட்டன் முறை.

இனி மூட்டை ஊருக்கு வருகிறது.

2004 டிசம்பர் 26-இல் கடல் பழவேற்காட்டுக் குப்பங்களுக்குள் புகுந்தது. அந்த வாரங்களில் தமிழகக் கரை நெடுகிலும் வெள்ளை மூட்டைகள் இறங்கின. உப்புநீரும் சேறும் புகுந்த கிணறுகளை இறைத்தார்கள், தூளைக் கலக்கினார்கள். முகாம்களில் அத்தனை பேர் நெருங்கிக் கிடந்தும் காலரா போன்ற பெரிய கொள்ளைநோய் எதுவும் தமிழகத்தில் பரவவில்லை. அந்த மார்கழியில் இந்தத் தூள் செய்த வேலைக்கு நாம் நன்றி சொன்னதே இல்லை. நமக்கு நினைவிருப்பதெல்லாம் அதன் வாடையும், பெரியவர்கள் வரும் நாளில் சாலையோரம் கோலம் போலப் போடும் வெள்ளைக் கோடும்தான். அந்தக் கோட்டால் ஒரு பயனும் கிடையாது. வெயிலில் கிடக்கும் தூளிலிருந்து குளோரின் பறந்துபோகும், சுண்ணாம்பு மட்டும் மண்ணில் கிடக்கும். இந்தத் தூள் வேலை செய்யத் தண்ணீர் வேண்டும், அளவு வேண்டும், நேரம் வேண்டும்.

அளவு எவ்வளவு என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 2 மீட்டர் விட்டமுள்ள உறைகிணற்றில் 3 மீட்டர் தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஏறக்குறைய 9,400 லிட்டர் இருக்கும். தெளிந்த நீராக இருந்தால் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல தூள் போதும். அதாவது அந்தக் கிணறு முழுவதற்கும் 24 கிராம். ஒரு கைப்பிடிகூட வராது. கலங்கிய நீருக்கு, வெள்ளம் புகுந்த நீருக்குக் கூடுதலாக வேண்டும், அதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும். போட்ட பிறகு ஒரு மணி நேரம் யாரும் இறைக்கக் கூடாது. அப்புறம் எடுத்துப் பார்த்தால் லிட்டருக்கு அரை மில்லிகிராம் குளோரின் மிச்சம் நிற்க வேண்டும். அந்த மிச்சம்தான் குடத்தில், தவலையில், குழந்தை கையை விட்டு அளாவும் சொம்பில் வந்து விழும் கிருமிக்குக் காவல்.

மூட்டையில் 33 சதவீதம் என்று எழுதியிருக்கும். பிரித்து வைத்த மூட்டையில், ஏரிக்காற்றின் ஈரத்திலும் வெக்கையிலும் அது நாளுக்கு நாள் குறையும். போன மழைக்கு வாங்கிய மூட்டையை இந்த மழைக்குக் கிணற்றில் கொட்டினால், பெரும்பாலும் வெறும் சுண்ணாம்பைத்தான் கொட்டுகிறோம்.

கலக்கும் முறையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. தூளை நேரே கிணற்றில் வீசுவது தவறு. பக்கெட்டில் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைத்து, முக்கால் பக்கெட் நீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் விட்டுவிட வேண்டும். வெண்மை அடியில் இறங்கும், மேலே தெளிநீர் நிற்கும். குளோரின் அந்தத் தெளிநீரில் இருக்கிறது. அதை மட்டும் வேறு பக்கெட்டுக்கு வடித்து, கயிற்றில் இறக்கி, கிணற்றுக்குள் மேலும் கீழும் ஆட்டிக் கலக்க வேண்டும். அடியில் தங்கிய வெள்ளைச் சேற்றைக் கிணற்றில் விடக் கூடாது, நீர் கடினமாகிவிடும். அதை எடுத்து வெளியே கொட்டிவிடுவார்கள்.

தினமும் இப்படிச் செய்ய ஆளில்லாத இடத்துக்கு நாக்பூரிலுள்ள நீரி ஆய்வகம் ஓர் எளிய வழி கண்டது. ஒரு பானைக்குள் இன்னொரு பானை, இரண்டிலும் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. உள்பானையில் ஒரு கிலோ தூளும் இரண்டு கிலோ பருமணலும் ஈரமாகக் கலந்து வைத்து, நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே தொங்கவிட்டால், சின்ன வீட்டுக் கிணற்றுக்கு இரண்டு மூன்று வாரம் குளோரின் கசிந்துகொண்டே இருக்கும். குயவர் சக்கரத்தில் பிறந்த இந்த இரட்டைப்பானையை விட அழகான கருவி நீர்ச் சுத்தத்தில் இல்லை என்பது என் கட்சி.

இதே சுண்ணமும் இதே குளோரினும் முற்றிலும் வேறொரு வீட்டில் சந்திப்பதைக் கிழக்குக் கடற்கரைச் சாலையின் உல்லாச விடுதிகளில் பார்க்கலாம். ஜக்குஸி என்று நாம் சொல்லும் வெந்நீர்த் தொட்டி. 1,500 லிட்டர் தண்ணீர், 38 அல்லது 40 டிகிரி சூடு, நாலு பேர். கிணற்றைவிட இதைச் சமாளிப்பது கடினம். சூட்டில் குளோரின் வேகமாகத் தீர்ந்துபோகும். வியர்வை, எண்ணெய், தோலின் கழிவு எல்லாம் கொஞ்ச நீரில் அடர்த்தியாகச் சேரும். குளோரின் அந்தக் கழிவோடு கலந்தால் வரும் குளோரமின்தான் மூக்கை உறுத்தும் நெடி. “குளோரின் அதிகமாப் போட்டுட்டாங்க” என்று முகம் சுளிக்கிறோம். உண்மையில் அது குளோரின் போதாமல் போனதன் நெடி. சரியாகப் பராமரித்த தொட்டியில் நெடி வராது. நீச்சல்குளத்துக்கு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் போதுமென்றால், இதற்குக் குறைந்தது மூன்று வேண்டும். வெதுவெதுப்பான நீர்த்திவலையில் வாழ்ந்து மூச்சு வழியாக நுரையீரலுக்குள் புகும் லீஜியோனெல்லா என்ற பாக்டீரியாவை உலகம் அறிந்தது 1976-இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த மரணங்களுக்குப் பிறகு. அதனால் இந்த எண்ணில் சலுகை கிடையாது.

குளோரின் போட்டால் மட்டும் முடிந்துவிடாது, நீரின் அமில, கார நிலையைக் காட்டும் பி.எச். அதை ஆள்கிறது. தண்ணீரில் குளோரின் இரண்டு வேடத்தில் இருக்கும். ஒன்று கிருமியை உடனே கொல்லும் ஹைப்போகுளோரஸ் அமிலம். மற்றது அதன் சோம்பேறித் தம்பி, ஹைப்போகுளோரைட். பி.எச். 7.5-இல் இரண்டும் ஏறக்குறையச் சரிபாதி. 8-க்கு ஏறினால் வேலை செய்யும் அண்ணன் கால்பங்காகிவிடுகிறான். தொட்டியின் குமிழிக் குழாய்கள் நீரைக் கலக்கக் கலக்கக் கரியமில வாயு வெளியேறி, பி.எச். தானே ஏறும். காளவாயில் நெருப்பு வெளியேற்றிய அதே வாயு இங்கே குமிழியோடு போகிறது. அது போனதும் நீரிலுள்ள சுண்ணம் கார்பனேட்டாகி ஹீட்டர் கம்பியில் வெள்ளையாகப் படிகிறது. அந்தப் படிவை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். மட்டி உயிரோடு இருந்து கட்டியதை, சூடு உயிரில்லாமல் கட்டியிருக்கிறது.

சரி, சுண்ணமே இல்லாத நீரை ஊற்றலாமே என்றால், அது இன்னும் மோசம். சுண்ணம் இல்லாத நீர் பசித்த நீர். சிமென்ட் பூச்சையும் ஹீட்டரின் உலோகத்தையும் தின்றுவிடும். ஆகவே தொட்டிக்காரர்கள் கடையில் கால்சியம் குளோரைடு வாங்கிப் போடுகிறார்கள், லிட்டருக்கு 150 முதல் 250 மில்லிகிராம் கடினத்தன்மை வரும்வரை. கிணற்றில் விடாமல் கொட்டிவிடச் சொன்ன சுண்ணத்தை இங்கே காசு கொடுத்து வாங்கிச் சேர்க்கிறார்கள். நீர் சுண்ணத்தைக் கரைக்குமா, படியவைக்குமா என்று கணக்கிடும் சூத்திரத்தை 1936-இல் கலிஃபோர்னியாவின் வில்ஃப்ரெட் லாங்கெலியர் எழுதினார், ஊர்க் குடிநீர்க் குழாய்களுக்காக. ஏரிக்குத் தெற்கே காட்டுப்பள்ளியில் 2010-இல் கடல்நீரிலிருந்து நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை எழுந்தது. சவ்வு வழியே வடிகட்டிய கடல்நீர் உலகத்திலேயே பசித்த நீர்களில் ஒன்று. சுண்ணம் ஊட்டாமல் அப்படியே குழாயில் விட்டால் அது குழாயைத் தின்னும். அதனால் இத்தகைய ஆலைகள் அனுப்பும் முன் நீருக்குச் சுண்ணம் ஊட்டுகின்றன.

இங்கே எனக்கு மனம் ஆறாத ஒன்று உண்டு. நாலு பேர் அரைமணி நேரம் உட்காரும் வெந்நீர்த் தொட்டிக்கு நாளும் சோதனைத் தாள் நனைக்கிறார்கள். குளோரின், பி.எச்., காரத்தன்மை, கடினத்தன்மை என்று நாலு நிறத்தைப் பார்த்துக் குறித்துவைக்கிறார்கள். ஒரு குப்பமே குடிக்கும் மேல்நிலைத் தொட்டிக்கும் அதே கண் வேண்டும். தொட்டி ஆப்பரேட்டர் கையில் ஒரு குளோரோஸ்கோப்பும், தீராத மருந்துப் புட்டியும், கடைசித் தெருக் குழாயில் தினம் ஒருமுறை பிடித்துப் பார்க்கும் பழக்கமும் இருந்தால் போதும். சோதனைக் குழாயில் மஞ்சள் தெரிந்தால் குளோரின் நிற்கிறது, தெரியாவிட்டால் இன்றைக்குக் காவல் இல்லை. பொன்னேரி, மீஞ்சூர்ப் பகுதியின் நிலத்தடி நீருக்குள் கடல் புகுந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. நல்ல தண்ணீருக்குக் குழாயையும் லாரியையும் நம்பியிருக்கும் பெண்கள் அதை இரண்டு மூன்று நாள் வீட்டில் சேமித்துத்தான் குடிக்கிறார்கள். சேமிக்கும் தண்ணீருக்குத்தான் அந்த அரை மில்லிகிராம் மிகவும் தேவை.

ஏரியையே இப்படிச் சமன்செய்பவர்களும் இந்தக் கரைக்காரர்கள்தான். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் மீனவர்கள் பாடு முறையில் வலைபோடும் இடத்தை முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். முகத்துவாரம் அடைபட்டால் அதைத் திறந்துவிடவும் பாடுபட்டிருக்கிறார்கள். அது மணல் மூடாதிருக்க நேர்கல் சுவர் வேண்டும் என்று நெடுங்காலம் கேட்டுவந்தார்கள். கடல்நீர் வந்துபோகாவிட்டால் இறால் குஞ்சு ஏரிக்குள் ஏறாது, மட்டியும் வாயைத் திறக்காது.

கிணற்றடியில் கொட்டிய வெள்ளைச் சேற்றுக்குத் திரும்புவோம். குளோரினை இறக்கிவைத்துவிட்ட சுண்ணாம்பு அது. இரண்டு நாளில் காய்ந்து, வெடித்து, மண்ணில் ஏடுஏடாக ஒட்டிக்கொள்கிறது. அதன்மேல் கோழி நடக்கிறது. யாரும் பார்க்காத நேரத்தில் அது காற்றிலிருந்து கரியமில வாயுவைச் சிறிது சிறிதாக இழுத்துக்கொள்கிறது. காளவாயில் போன அந்த 44 கிலோ திரும்பி வரும் இடம் இதுதான். நீறு மறுபடியும் கால்சியம் கார்பனேட் ஆகிறது. ஐப்பசி மழைநீர் தன்னோடு கொஞ்சம் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு வந்து அதன்மேல் பெய்கிறது, ஏட்டின் ஓரத்தைக் கரைத்து வாய்க்காலுக்கும் வாய்க்காலிலிருந்து ஏரிக்கும் கொண்டுபோகிறது. அங்கே முழங்கால் ஆழத்துச் சேற்றில், உப்பு இறங்கிய நீரில், கடுகளவு மட்டிக்குஞ்சு ஒன்று இப்போதுதான் ஓடு கட்டத் தொடங்கியிருக்கிறது.